கூறில் சேராத ரத்தம்

நாகமணிக்குக் கோபம் வந்தால், அமெரிக்காவில் ரவுண்ட் ராக் ஊரில் அவள் குடியிருக்கிற தெருவுக்கே தெரியும். சமையலறையில் பாத்திரம் விழுகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு எவ்வளவு என்று மகள் வெண்பா மாடியில் இருந்தபடி கணக்குப் போட்டுவிடுவாள். நாகமணிக்கு நாற்பத்தாறு வயது. மருந்துக்கடை ஒன்றில் பதினோரு வருஷமாக மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே எவன் எப்படிக் கத்தினாலும் அவள் வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்ததில்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து வீட்டில் அவிழ்க்கிறாள் என்பான் புருஷன் ரஞ்சித்குமார். சொல்லிவிட்டு அவன் கராஜுக்குள் போய்விடுவான்.

அதெல்லாம் அன்றாடக் கோபம். வரும், போகும். நான் சொல்லவந்தது ஒரு வருஷமாக அவள் வயிற்றில் கிடந்து வெந்த கோபத்தை. அது ஒரு வாளி ஆட்டு ரத்தத்தால் வந்தது.

டெய்லர் ஊரைத் தாண்டி ரோசா என்கிற மெக்சிகோக்காரம்மாவின் ஆட்டுப் பண்ணை இருக்கிறது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை ஒன்பது தமிழ்க் குடும்பம் அங்கே கூடும். ஆட்டைப் பார்த்துப் பிடித்து, வெட்டி, உரித்து, மடக்கு மேஜையில் பிளாஸ்டிக் விரித்துக் கறியை ஒன்பது கூறாகப் போடுவார்கள். கூறு என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு கூறிலும் கொஞ்சம் தொடை, கொஞ்சம் நெஞ்செலும்பு, துண்டு ஈரல், துண்டு கொழுப்பு எல்லாம் இருக்கவேண்டும். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய என்று பேச்சு வரக்கூடாது. யாருக்கு எந்தக் கூறு என்று பிள்ளைகளை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்வார்கள். எல்லாம் கிட்டுசாமியின் தலைமையில். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் டைரக்டர், காங்கேயம் பக்கம் பெரிய பண்ணையத்துக் குடும்பம், ஐம்பத்தெட்டு வயது. வாட்ஸப் குரூப்பும் அவருடையது, வெட்டுகிற கத்தியும் அவருடையது.

தலை, கால், குடல் எல்லாம் கூறில் சேரும். ரத்தம் மட்டும் சேராது. அது ரோசாவின் வாளியில் இறங்கும், அவள் உள்ளே எடுத்துப் போய்விடுவாள்.

"நமக்கெல்லாம் ரத்தம் பழக்கமில்லீங்க" என்பார் கிட்டுசாமி. எட்டுக் குடும்பமும் தலையாட்டும்.

பச்சைப் பொய்! கொங்கு நாட்டில் ஆட்டு ரத்தம் பொரிக்காத ஊர் எது? சின்ன வெங்காயமும் வரமிளகாயும் வதங்கி, சீரகம் தட்டிப்போட்டு, உதிர்த்த ரத்தம் விழுந்து, கடைசியில் தேங்காய்த் துருவல் இறங்கினால், பக்கத்து வீட்டுக்காரன் எந்தச் சாதியானாலும் மூக்கு தானாகத் திரும்பும். மெஸ்ஸில் காலையிலேயே தீர்ந்துபோகிற சமாச்சாரம் அது. ஆனால் பண்ணையத்து வீடுகளில் கிடாய் வெட்டினால் ரத்தத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அது சேரிக்குப் போகும். அதைத்தான் கிட்டுசாமி "பழக்கமில்லை" என்று நாகரிகமாகச் சொன்னார்.

நாகமணி அந்த ரத்தம் போய்ச் சேர்ந்த வீட்டுப் பெண். தாராபுரத்துக்குக் கிழக்கே ஒரு ஊரில், ஊருக்கு வெளியே இருந்த தெரு. பெரிய வீட்டில் கிடாய் வெட்டுகிற அன்றைக்கு அவள் அம்மாவைக் கூப்பிட்டு விடுவார்கள். முன்வாசலில் இல்லை, பின்னால் மாட்டுச்சாளைப் பக்கம். பாத்திரம் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும். கிண்ணத்தில் உப்புத் தண்ணீர் கொஞ்சம் ஊற்றி எடுத்துப் போவாள் அம்மா. அப்போதுதான் ரத்தம் கெட்டிப்படாமல் தயிர் மாதிரி உறையும். வெட்டுகிறவர் தன் ஏனம் இவள் கிண்ணத்தில் பட்டுவிடக் கூடாதென்று இடுப்பு உயரத்தில் தூக்கிப் பிடித்து ஊற்றுவார். ஒருமுறை பத்து வயது நாகமணிதான் கிண்ணத்தைப் பிடித்திருந்தாள். தெறித்தது முகத்திலும் பாவாடையிலும். துடைக்கக் கையை எடுத்தால் கிண்ணம் சாய்ந்துவிடும் என்று அப்படியே நின்றாள். அன்றைக்கு அம்மா பொரித்த பொரியலைப் போல ஒன்றை அவள் பிறகு சாப்பிட்டதில்லை. ருசியும் மறக்கவில்லை, தெறித்ததும் மறக்கவில்லை.

ரஞ்சித்குமார் உடுமலைப் பக்கம், அதே மாதிரித் தெரு. கல்யாணம் முடிந்து அமெரிக்கா வந்து இறங்கிய அன்றே, ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில் அவளுக்குப் பாடம் நடத்திவிட்டான். எந்த ஊர் என்று கேட்டால் தாராபுரம் டவுன். குலதெய்வம் எது என்று கேட்டால், அப்பா வாத்தியார், ஊர் ஊராக மாறினோம், சரியாகத் தெரியாது. அவன் பயம் காரணமில்லாத பயம் என்று சொல்லமுடியாது. கல்யாணத்துக்கு முன்னால் பிஸ்கட்டவே என்கிற ஊரில் நான்கு பேரோடு அப்பார்ட்மெண்டில் இருந்தவன். ஒருநாள் பேச்சுவாக்கில் விஷயம் வெளியே வர, மறுவாரமே அவன் தட்டும் டம்ளரும் தனி அலமாரிக்குப் போயின. ஒருத்தனும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருமே எம்.எஸ். படித்தவர்கள்.

"வெண்பாவுக்குத் தெரியவே வேண்டாம் நாகு. அவ இங்க பொறந்தவ. அவளோட இது முடிஞ்சு போகட்டும்" என்பான். நாகமணி பதினாறு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போன தீபாவளிக்குத்தான் பல் விட்டுப்போயிற்று. பண்ணையில் ஆடு தொங்குகிறது, ரோசாவின் வாளியில் ரத்தம் இறங்குகிறது. நாகமணி காரிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தாள். அடியில் உப்புத் தண்ணீர்.

"ரத்தம் எனக்குக் கொஞ்சம் வேணுங்ணா" என்றாள்.

கிட்டுசாமி சிரித்தார். நல்ல மனுஷன் மாதிரிதான் சிரித்தார். "அட, அது எதுக்கு அம்மணி? ஊர்ல அதெல்லாம் அந்தச் சனங்களுக்குத்தான போகும்? நம்ம எங்க தின்னோம்?"

ரஞ்சித்குமார் பின்னாலிருந்து அவள் துப்பட்டாவை இழுத்தான். அது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னாள்.

"அந்தச் சனந்தாங்ணா நாங்க. எங்களுக்குத்தான போகும்? குடுங்க."

கத்தி நின்றது. கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்த கிட்டுசாமியின் மனைவி வசந்தாமணி, கையிலிருந்த ஈரல் துண்டை எந்தக் கூறில் வைப்பது என்று மறந்து நின்றாள். யாரோ இருமினார்கள். பிறகு கிட்டுசாமி, "அதுக்கென்ன, எடுத்துக்க அம்மணி, இதுல என்ன இருக்குது" என்று சொல்லிவிட்டு, மிக மும்முரமாகக் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நல்லவேளை, வெண்பா தூரத்தில் ஆட்டுக்குட்டிகளை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து நாகமணி வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். ரஞ்சித்குமார் சமையலறைக்குள் போனான், டப்பாவைத் திறந்தான், உறைந்த ரத்தம் மொத்தத்தையும் சிங்க்கில் கவிழ்த்து டிஸ்போசலைத் தட்டிவிட்டான். அந்த மெஷின் கரகரவென்று அரைத்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இந்தக் கருமத்துக்காகவா எல்லாத்தையும் போட்டு உடைச்ச? இங்க நமக்கு யாரு இருக்கா? எனக்கு ஆஞ்சியோ பண்ணப்ப ஆஸ்பத்திரில வந்து உக்காந்தது இவங்கதான? நாளைக்கு எவன் வருவான்?"

"வரவேண்டாம்!" என்று கத்தினாள் நாகமணி. "நான் யாருன்னு தெரிஞ்சா வரமாட்டான்னா, அவன் எதுக்கு வரணும்?"

அன்றைக்கு உடைந்தது இரண்டு தட்டு. அவன் சொன்னதில் பாதி சரிதான் என்பது அவளுக்கும் தெரியும். அதனாலேயே ஆத்திரம் இன்னும் ஏறியது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் ரத்தத்தைத் தேடி அலைந்ததை என்னவென்று சொல்ல? முதலில் வழக்கமாகக் கறி வாங்குகிற ஹலால் கடைக்கே போய்க் கேட்டாள். அவசரத்தில் யோசிக்கவில்லை. கடைக்கார பாய் பதறிப்போய், "சிஸ்டர், அது எங்களுக்கு ஆகாது. வெட்டின உடனே முழுசா வடிச்சுடணும்" என்று தன்மையாகச் சொன்னார். நாக்கைக் கடித்துக்கொண்டு சாரி சொல்லிவிட்டு வந்தாள். கொரியாக்காரர் கடையில் குடலுக்குள் ரத்தத்தோடு சேமியாவைப் போல எதையோ அடைத்து வைத்திருந்தார்கள். வழுவழு என்று இருந்தது. இணையத்தில் ஆர்டர் பண்ணிய இங்கிலீஷ்காரன் ரத்தக்கட்டியில் ஓட்ஸ் பாதி, கொழுப்பு மீதி, காரம் என்கிற பேச்சே இல்லை. ஒவ்வொன்றையும் தின்று பார்த்து, ஒவ்வொன்றையும் திட்டினாள். சிங்க்கில் கவிழ்த்த அன்றிலிருந்தே ரஞ்சித்குமார் முகத்தில் ஈயாடவில்லை.

அந்த ஒரு வருஷத்தில் வாட்ஸப் குரூப்பில் குட் மார்னிங்கூட நின்றுபோனது. பிறந்தநாளுக்கு அழைப்பு வரவில்லை. கேட்டால், சின்னதாகப் பண்ணினோம் என்றார்கள். எல்லாரும் சிரித்த முகத்தோடுதான் சொன்னார்கள். நேராகத் திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரிக்கிறவனை என்ன செய்ய?

இந்தத் தீபாவளி வந்தது. ரஞ்சித்குமார் மானத்தை விட்டு கிட்டுசாமிக்கு போன் பண்ணினான். ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தான்.

"இந்த வருஷம் ஆடு போடலீங்க தம்பி. எல்லாரும் பிஸி. கொலஸ்ட்ரால் வேற. அவங்கவங்க கடைல வாங்கிக்கலாம்னு விட்டாச்சு."

"சரிங்ணா, சரிங்ணா" என்று வைத்தான் ரஞ்சித்குமார். அவனுக்கு நிம்மதி. விலக்கவில்லை பார், ஆடே போடவில்லை என்று அவளிடம் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை நாகமணி வெண்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வருஷம் முழுக்க அந்தப் பண்ணைப் பக்கம் போகக் கூசியவள், ரோசாவிடமே நேராகக் கேட்டு ரத்தம் வாங்கி வந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். மடியில் எவர்சில்வர் டப்பாவோடு உட்கார்ந்திருந்த வெண்பா, உப்புத் தண்ணீர் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "ரத்தம் பதமா உறையும், சொன்னாப் புரியாது, சாப்ட்டாப் புரியும்" என்றாள் அம்மா.

பண்ணைக்குள் கார் திரும்பியதுமே தெரிந்துவிட்டது. வரிசையாக நிற்கிற அத்தனை காரும் அவளுக்குத் தெரிந்த கார். கொட்டகைக்குள் மடக்கு மேஜை. மேஜை மேல் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கில் எட்டுக் கூறு. அவள் கண்ணாலேயே எண்ணினாள். எட்டு.

கிட்டுசாமி கத்தியோடு நிமிர்ந்தார். "அட அம்மணி... திடீர்னு பிளான் பண்ணினதுங்க, கடைசி நிமிஷத்துல..."

"நேத்து ராத்திரி சொன்னாக்கூட வந்திருப்பங்ணா. அரைமணி நேரம் டிரைவ்" என்றாள் நாகமணி. குரல் அவளுக்கே ஆச்சரியமாக நிதானமாக இருந்தது. "கூறு நல்லாப் போட்ருக்கீங்க. ஒவ்வொண்ணுலயும் ஈரல் இருக்குது, கொழுப்பு இருக்குது. எட்டையும் எவ்வளவு நியாயமாப் பிரிச்சிருக்கீங்க! மனசாட்சியுள்ள மனுஷன்தான் நீங்க."

"தப்பா எடுத்துக்காத அம்மணி. எனக்கொண்ணும் இல்ல. மத்தவங்க ஒரு மாதிரி நெனைக்கறாங்க..."

"மத்தவங்க யாருங்ணா? பேரச் சொல்லுங்க. எல்லாரும் இங்கதான நிக்கறாங்க?"

வசந்தாமணி தரையைப் பார்த்தாள். நாகமணிக்கு அந்த மேஜையை ஒரே உதையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. கால் நிஜமாகவே ஓர் அடி முன்னால் போயிற்று. பின்னால் வெண்பா நிற்கிறாள் என்பதால் நின்றுகொண்டாள்.

அப்போது ரோசா வாளியோடு வெளியே வந்தாள். போன வருஷம் டப்பா கொண்டுவந்தவள் என்று அடையாளம் கண்டு முகம் மலர்ந்தது. இவ்வளவு காலமும் இவர்கள் வேண்டாம் என்று விடுகிற ரத்தத்தில்தான் அவள் குடும்பம் மொரோங்கா பண்ணுகிறது என்று கையாலும் வாயாலுமாகச் சொன்னாள். ரத்தத்தில் வெங்காயமும் புதினாவும் போட்டுக் குடலில் நிரப்பி வேகவைப்பது. உள்ளே இழுத்துப் போய் ஒரு துண்டு வெட்டி நாகமணி வாயிலும், ஒரு துண்டு வெண்பா வாயிலும் வைத்தாள். அடேயப்பா! புதினா வாசம் முன்னால் வந்தது, பின்னால் ரத்தத்தின் அந்தக் கனத்த ருசி. ஒரு வருஷமாகத் தின்றதில் இது ஒன்றுதான் ரத்தத்தை மதித்துச் சமைத்தது. நாகமணிக்குக் கண் கலங்கியது. மிளகாய் போதாது என்று தமிழிலேயே சொன்னாள். ரோசா புரிந்தது போலச் சிரித்தாள்.

பிறகு நாகமணி டப்பாவைப் பிடிக்க, ரோசா வாளியின் விளிம்பை டப்பாவின் விளிம்பில் முட்டக் கொடுத்து மெல்லச் சாய்த்தாள். இரண்டு பேர் விரலும் ஒன்றின் மேல் ஒன்று இருந்தது. ஒரு சொட்டுகூடத் தெறிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாகமணி சமைக்க நின்றாள். உறைந்த ரத்தத்தை மஞ்சள் தூள் போட்ட தண்ணீரில் வேகவைத்து உதிர்த்தாள். இரும்புச் சட்டியில் கடலை எண்ணெய், வரமிளகாய், வெங்காயம். எட்டுக் கூறு என்று மட்டும் ரஞ்சித்குமாரிடம் சொன்னாள். அவன் சிங்க் பக்கம் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தேங்காயை எடுத்துத் துருவ ஆரம்பித்தான்.

மாடியிலிருந்து வெண்பா இறங்கி வந்தாள். "இஸ் இட் ரெடி? இட் ஸ்மெல்ஸ் அமேஸிங்!"

மூன்று பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட்டார்கள். ரஞ்சித்குமார் முதல் கவளத்தை வாயில் போட்டுவிட்டு வெகுநேரம் மெல்லாமல் வைத்திருந்தான். "உப்பு சரியா இருக்குது" என்றான். வெண்பா மறுசோறு கேட்டாள். நாகமணி வாய் நிறைய அடைத்துக்கொண்டு, எட்டுக் குடும்பத்தையும் பேர் பேராக மனசுக்குள் திட்டியபடியே சாப்பிட்டாள். திட்டத் திட்ட ருசி ஏறியது.

பக்கவாட்டு வேலிக் கேட்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. குப்பைத் தொட்டி வைக்கிற பக்கம். அந்த வழியாக எந்த விருந்தாளியும் வந்ததில்லை. நாகமணி கொல்லைக் கதவைத் திறந்தாள், ரஞ்சித்குமாரும் பின்னால் வந்தான். கேட்டுக்கு அந்தப் புறம் வசந்தாமணி நின்றாள். கையில் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"காலைல நடந்ததுக்கு நான் என்ன சொல்றது நாகமணி, மனசே சரியில்ல" என்று ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உங்கண்ணனுக்கு ஹீமோகுளோபின் கொறைஞ்சு போச்சு. டாக்டர் சொன்னதிலிருந்து பொரியல் பொரியல்னு ஒரே ஏக்கம். சின்ன வயசுல பண்ணையத்தாளு வீட்ல ஒளிஞ்சு ஒளிஞ்சு தின்னவராம். நீ இன்னிக்குப் பண்ணுவீன்னு தெரியும். ஒரு கரண்டி குடுத்தீன்னா... யாருக்கும் தெரியவேண்டாம்."

நாகமணிக்கு உச்சந்தலை சுர்ரென்றது. அத்தனை வசவும் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் அவள் மூச்சு வாங்கிய அந்த நேரத்தில், ரஞ்சித்குமார் அவளைத் தாண்டி முன்னால் போனான்.

"ஒரு கரண்டி என்னக்கா, வயிறாரச் சாப்பிடலாம்" என்றான். "சோறு இருக்குது. அண்ணனையும் கூட்டிட்டு முன்வாசல் வழியா வாங்க. பெல் அடிங்க. உக்காந்து எங்ககூடச் சாப்பிடுங்க. டப்பால போட்டு வேலிக்கு மேல குடுக்கற பழக்கம் எங்க வீட்ல இல்ல."

"தம்பி, எதிர்வீட்ல நம்மாளுங்க இருக்காங்க. பாத்தாங்கன்னா..."

"பாக்கட்டும்."

வசந்தாமணி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றாள். பக்கவாட்டுச் சந்து வழியாக அவள் செருப்புச் சத்தம் முன்பக்கம் போயிற்று. இரண்டு பேரும் வெண்பா இருந்த சமையலறை மேஜைக்குத் திரும்பி, வசந்தாமணி பெல் அடிப்பாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வாசலுக்கு நேரே சத்தம் நின்றது. அப்புறம் கார் கதவு சாத்தியது. கார் போய்விட்டது.

"வை டிட்ன்ட் ஷி ஜஸ்ட் ரிங் த பெல்?" என்று கேட்டாள் வெண்பா. அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. காலையில் எட்டுக் கூறையும் அவளும்தான் பார்த்தாள். "மா, வாட் டிட் வீ டூ டு தெம்?"

நாகமணி புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அவன் மூடி வைத்ததை அவன் முகத்துக்கு நேரே உடைக்கவேண்டும் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். இப்போது வாயைத் திறக்கப்போனவளை அவன் கையைக் காட்டி நிறுத்தினான். தட்டைத் தள்ளி வைத்தான். கை கழுவக்கூட எழவில்லை.

"நாம ஒண்ணும் பண்ணல கண்ணு" என்றான். "உக்காரு. நானே சொல்றேன்."